பருந்துக்கு விஷம் வைக்கலாமா? குஞ்சுகளைப் பறிகொடுத்த வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். பொங்கல் முடிந்த வாரம் மானியத்தில் நான்கு வார வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 40 வாங்கினாராம். ஐந்து வாரத்தில் 23 போய்விட்டன. முதல் இரண்டு வாரத்தில் பகலில் 9, மூன்றாம் வாரம் ஒரே இரவில் 8, அதன்பின் ஒன்றொன்றாக 6. முட்டையிடும் பெரிய கோழி ஒன்றும் காணவில்லை. பருந்து தூக்குவதைத் தன் கண்ணால் மூன்று முறை பார்த்திருக்கிறார்.

கொல்லைக்குப் பின்னால் குளத்தங்கரைப் புளியமரத்தில் ஒரு கூடு இருக்கிறது. மரமேறி ஒருவரை வைத்து அதைக் கலைத்துவிடலாம் என்கிறார் கணவர். செத்த குஞ்சின் வயிற்றில் வயலுக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தை வைத்து மாடியில் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கணவரின் நண்பர் ஏர்கன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் மட்டும், 'அது கருடன், அதுமேல கை வெச்சா குடும்பத்துக்கு ஆகாது' என்று தடுக்கிறாராம். செந்நிறமாக இருப்பதுதான் கருடன், கறுப்பாக இருப்பதைக் கொன்றால் பாவமில்லை என்று ஊரில் சொல்கிறார்களே, சட்டத்திலும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கூண்டில் அடைத்தால் தீவனச் செலவு தாங்காது, அப்புறம் நாட்டுக்கோழி வளர்ப்பதில் என்ன லாபம் என்பது அடுத்த கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: ஒரு கோழி 11 முட்டையில் அடை உட்கார்ந்து 11 நாளாகிறது, அந்தக் குஞ்சுகளையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

குருணை மருந்தை இன்னும் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பையை மாட்டுக்கொட்டகையிலிருந்து எடுத்து, பூட்டுள்ள இடத்தில் வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எனக்கும் பருந்தின்மேல்தான் கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. கஜா புயலில் 14 தென்னையும் பெரிய மாமரமும் விழுந்ததிலிருந்து கொல்லை வெட்டவெளியாகக் கிடக்கிறது. பாம்புக்குப் பயந்து வேலியோரச் செடிகளையும் வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டீர்கள். மீன் சுத்தம் செய்த குடலை எருக்குழியில் வீசுகிறீர்கள், பருந்து முதலில் வந்து உட்காருவதும் அங்கேதான். உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் இருக்கிறது. கூட்டைக் கலைத்தாலும் இந்த மூன்றும் அப்படியேதான் இருக்கும்.

23 குஞ்சுகளையும் பருந்தா தூக்கியது?

பகலில் போன 9 குஞ்சுகளைப் பருந்துக் கணக்கில் எழுதலாம். நான்கு வாரக் குஞ்சு கைக்குள் அடங்குகிற எடைதான் இருக்கும், பருந்துக்கு அது சுமையே இல்லை. ஆனால் ஒரே இரவில் போன 8? பருந்து பகல் பறவை, பொழுது சாய்ந்தால் மரத்தில் அடைந்துவிடும். ஐந்து குஞ்சு கழுத்தில் கடிபட்டுக் கூண்டுக்குள்ளேயே கிடந்தன, மூன்றைக் காணவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூண்டுக்குள் புகுந்து, தின்னக்கூடியதைவிட அதிகமாகக் கொன்றுபோடுவது மரநாய், காட்டுப்பூனை மாதிரியான விலங்குகளின் வேலை. கதவுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். மரநாய் உடம்பை நெளித்துக்கொண்டு அதற்குள் நுழைய முயலும், பெருச்சாளிக்கோ அது ராஜவாசல். விடிந்தும் விடியாத வேளை என்றால் கீரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கோழி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் வட்டமிடும் கரும்பருந்தே ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். செம்பருந்து அதைவிடச் சிறியது, அரைக் கிலோவை ஒட்டி. உங்கள் முட்டைக்கோழி ஒன்றேகால் கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். தன்னைவிடக் கனமான கோழியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பருந்தும் பறக்காது. நாய், காட்டுப்பூனை, இல்லையென்றால் இரண்டு கால் உள்ள ஏதோ ஒன்று. மாசி மாதம் கோவில் திருவிழாக்கள் நெருங்குகிற நேரம், அதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக ஒன்றொன்றாகப் போன 6 குஞ்சுகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குள் அவை எட்டு, ஒன்பது வாரம் ஆகி அரைக் கிலோவை நெருங்கியிருக்கும். பருந்துக்கு அந்த எடை சிரமம். இனி ஏதாவது போனால் தடயத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் இறகுகள் வட்டமாகப் பிய்த்துப் போடப்பட்டிருந்தால் வல்லூறு. சில ஊர்களில் வைரி என்பார்கள். புறா அளவுதான் இருக்கும், பெரும்பாலும் வட்டமிடாது, மரக்கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து அம்பு மாதிரி தாழப் பாயும். வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்க்கவே மாட்டார்கள். தலையை மட்டும் காணவில்லை, கழுத்து தின்னப்பட்டிருக்கிறது என்றால் கீரி அல்லது மரநாய். குஞ்சு செத்துக் கிடக்கிறது, இறகு முழுக்க ஈரமாக, நீவிவிட்ட மாதிரி இருக்கிறது என்றால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது. எந்தத் தடயமும் இல்லாமல் மறைந்தால் பருந்து, காக்கை, பூனை மூன்றில் ஒன்று. செம்போத்தையும் மறந்துவிடாதீர்கள். வேலியோரம் சாதுவாக நடந்துகொண்டே சின்னக் குஞ்சைக் கவ்விவிடும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவு வந்து எட்டைக் கொன்ற விலங்கு இன்னும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. பருந்தைக் கொன்றாலும் அது மறுபடி வரும்.

விஷம், ஏர்கன், கூடு கலைப்பது

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குப் பொருள் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. விஷம் வைப்பது, பொறி வைப்பது, பிடிப்பது, இவற்றுக்கு முயல்வதுகூட வேட்டைதான். பறவைகள் விஷயத்தில் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அதே கணக்கில் வரும். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு தண்டனையும் கூடியிருக்கிறது. சட்டம் அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் (பட்டியலில்) உள்ள உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்ற அட்டவணை என்றாலும் 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. எந்தப் பறவை எந்த அட்டவணை என்று வாதாடுவது வக்கீல் வேலை. உங்களுக்குத் தெரிய வேண்டியது, சிவப்பும் கறுப்பும் இரண்டுமே பாதுகாக்கப்பட்டவை. ஊர் சொல்கிற பாகுபாடு சட்டத்தில் இல்லை.

குளத்தங்கரைப் புளியமரம் புறம்போக்கு மரமாகத்தான் இருக்கும். வருவாய்த்துறை அனுமதி இல்லாமல் அதில் கிளையை வெட்டினால் அது தனித் தொல்லை.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நீங்கள் விஷத்தைக் கைவிட வேண்டாம். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு வீட்டில் இதே மாதிரி, கோழித்தலையில் குருணையைத் திணித்து வைக்கோல் போர்மேல் வைத்தார்கள். அதைக் காக்கை தூக்கிப் பாதி வழியில் போட்டது. வீட்டு நாய் தின்றது. என்னிடம் கொண்டுவந்தபோது வாயில் நுரை, கண்பாவை கடுகளவாகச் சுருங்கி, கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. முறிமருந்தான அட்ரோபின் போட்டும் பிழைக்கவில்லை. மறுநாள் அதே வீட்டில் மூன்று கோழிகள் செத்தன. நாய் வாந்தியெடுத்த இடத்தை அவை கிளறியிருக்கின்றன. அந்த வீட்டில் அப்போது தவழ்கிற வயதில் ஒரு குழந்தை இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் குருணையில் ஒரே ஒரு மணி போதும், ஒரு சிட்டுக்குருவி சாக. விஷம் தின்ற பருந்து எங்கே போய் விழும் என்று உங்களால் சொல்ல முடியுமா? குளத்திலும் விழலாம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் விழலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சம்பா அறுத்த வயலில் இப்போது உளுந்து நிற்கிறது, எலித்தொல்லைக்காகப் பறவை தாங்கி நட்டிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம். அந்தக் குச்சியில் இரவில் உட்கார்ந்து ஆந்தை எலி பிடிக்கும், பகலில் பருந்தும் வல்லூறும் பிடிக்கும். எலிக்குக் கிட்டி வைக்கிற ஆளுக்குக் கூலி கொடுக்கிறோம், இவை கூலி கேட்பதில்லை. வயலில் வரவேற்பு கொடுத்துவிட்டு, கொல்லையில் விஷம் வைப்பது எப்படிச் சரியாகும்? கொல்லையை ஒட்டி நட்ட இரண்டு குச்சிகளை மட்டும் பிடுங்கி வயலின் அடுத்த கோடியில் நட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியார் பேச்சை நான் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். நாச்சியார்கோவில் கல் கருடனைச் சேவித்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். வானத்தில் கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம்தான் இத்தனை நாள் அந்தப் பறவையைக் காப்பாற்றியிருக்கிறது. அவர் சொல்லுக்குள் கறுப்புப் பருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். செம்பருந்து பெரும்பாலும் மீன், நண்டு, தவளை, செத்தது சாவது என்று பொறுக்குகிற பறவை. உங்கள் எருக்குழிக்கு அது ஏன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த மாதங்களில் மட்டும் ஏன் இவ்வளவு?

பருந்துகள் நம் பக்கத்தில் மார்கழி, தையில் கூடு கட்டத் தொடங்கும். மாசி, பங்குனியில் கூட்டில் குஞ்சு இருக்கும். வல்லூறு சற்றுப் பின்னால், பங்குனியிலிருந்து ஆனி வரை. காக்கைக்குச் சித்திரை, வைகாசி. ஆக, தையிலிருந்து வைகாசி வரை உங்கள் கொல்லையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கூட்டிலும் ஒரு வாய் திறந்தபடி இருக்கிறது. அதே நேரத்தில் அறுவடை முடிந்து வயல் மொட்டையாகிவிடுகிறது. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் பருந்துகள் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் போனதும் அந்தக் கூட்டம் ஊர்ப்பக்கம் திரும்பும். தாயில்லாத 40 குஞ்சுகளை வெட்டவெளியில் சரியாக அந்த வாரத்தில் இறக்கிவிட்டிருக்கிறீர்கள். உங்கள் தவறு என்று சொல்லவில்லை, குஞ்சு கொடுக்கிற நாளை நீங்கள் முடிவு செய்யவில்லை.

அடுத்த முறை உங்கள் கையில் இருந்தால் ஆடி, ஆவணியில் குஞ்சு இறங்குகிற மாதிரி பாருங்கள். அப்போது கூடுகள் காலியாகியிருக்கும். மேட்டூர்த் தண்ணீர் வந்து வயலில் தவளை, நண்டு, பூச்சி என்று பருந்துக்கு வேறு தீனி இருக்கும். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் குஞ்சு இரண்டு, மூன்று மாதம் ஆகித் தேறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பொரித்த குஞ்சுகளைப் பருந்து தூக்காவிட்டாலும் ஈரமும் குளிரும் கொண்டுபோய்விடும்.

கொல்லையில் செய்ய வேண்டியது

முதல் வேலை எருக்குழி. மீன் குடல், கோழிக்கழிவு, செத்த குஞ்சு எதையும் இனி திறந்தவெளியில் வீசாதீர்கள். இரண்டடி ஆழக் குழி, கொஞ்சம் சுண்ணாம்பு, மேலே மண். செத்த குஞ்சைக் குப்பையில் எறிவது நோயையும் பரப்பும். காக்கையோ பருந்தோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மீதமுள்ள 17 குஞ்சுகளையும் பத்து நாளைக்கு வெளியே விடாதீர்கள். ஒரு முறை இரை கிடைத்த இடத்துக்குப் பருந்து தினமும் வரும். சில நாள் வெறுங்காலோடு திரும்பினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். இந்தப் பத்து நாள் தீவனச் செலவைச் செலவாகப் பார்க்காதீர்கள். நொய்யரிசி, தவிடு, முருங்கைக்கீரை, பானையில் சாணமும் கோணியும் வைத்துப் பிடித்த கறையான் என்று ஒப்பேற்றிவிடலாம்.

அந்தப் பத்து நாளில் கொல்லையைத் திருத்துங்கள். காட்டுக்கோழி வழிவந்த பிராணி இது. திறந்த வெளியில் மேய்வது அதற்கே பிடிக்காது, புதரோரமாக மேயும், மேலே நிழல் அசைந்தால் உள்ளே பாயும். உங்கள் கொல்லையில் பாய்வதற்கு இடமே இல்லை. நான் சொல்லும் அளவு ஒன்றுதான்: குஞ்சு எங்கே நின்றாலும் பத்தடிக்குள் ஒரு மறைவு இருக்க வேண்டும். நான்கு குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு கீற்றைப் போட்டால் அது ஒரு மறைவு. இப்படி ஏழெட்டு இடத்தில் போடுங்கள், ஒரு நாள் வேலை. பழைய மாட்டுவண்டிச் சட்டம், உடைந்த கட்டில் எல்லாமே உதவும். கொஞ்சம் பொறுத்துப் பலன் தருவதற்கு வாழை வையுங்கள், அகத்தி, கல்யாண முருங்கை போடுங்கள். அவரையோ சுரையோ ஏற்றி மூன்றடிப் பந்தல் போட்டால் காயும் கிடைக்கும், கோழிக்கும் கூரை கிடைக்கும்.

பாம்பு பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். செடி இருந்தால் பாம்பு வரும் என்று வெட்டிவிட்டீர்கள். ஆனால் பாம்பைக் கூப்பிடுவது எலி, எலியைக் கூப்பிடுவது இரவில் சிந்திக்கிடக்கும் தீவனம். தீவனத் தட்டைச் சாயங்காலம் எடுத்துவிடுங்கள். பந்தலுக்கு அடியில் தரை கூட்டிச் சுத்தமாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். விறகையும் செங்கல்லையும் அதன் பக்கத்தில் அடுக்காதீர்கள். மேலே மூடி, கீழே திறந்து. அந்த மாதிரி மறைவில் பாம்பு தங்காது.

எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கு இதெல்லாம் போதாது, கூண்டு வேண்டும். பத்தடிக்கு ஆறடி, மூங்கில் சட்டம், அடிப்பக்கம் திறந்து, மேலும் பக்கமும் வலை. இரண்டு பேர் தூக்கித் தினம் ஓரிடம் மாற்றி வைக்கலாம். இருபது குஞ்சு அதற்குள் மேய்ந்து கிளறும். நீங்கள் கேட்ட தீவனச் செலவுக்கும் இதுதான் பதில், அடைத்த மாதிரியும் இருக்கும், மேய்ந்த மாதிரியும் இருக்கும். வலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் பக்கம் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் கண்ணுக்கே தெரியாத தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலையை வாங்காதீர்கள். அதில் பருந்தும் மாட்டும், ஆந்தையும் மாட்டும், உங்கள் கோழியின் காலும் மாட்டும். கண்ணுக்குத் தெரிகிற தடித்த நூல் வலையை, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் ஏதாவது பருந்து மாட்டிக்கொண்டால் ஒரு துண்டை அதன் தலைமேல் போட்டு மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அலகைவிட நகம்தான் ஆபத்து.

இரவுக் கூண்டுக்குக் கதவிடுக்கை அடைத்து, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். இப்போது இருக்கும் கோழிவலை மெல்லிய கம்பி, மரநாய் பல்லால் கிழிக்கும். கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்குக் கருங்கல் பதித்துவிட்டால் பெருச்சாளி தோண்டாது. கூண்டுக்காக உங்கள் கணவரிடம் ஒரே ஒரு செலவு கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

சேவல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு நல்ல சேவல் வேண்டும், முட்டையில் கரு பிடிப்பதற்காக மட்டும் இல்லை. மேலே பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாய், பூனை வந்தால் வேறு குரல் கொடுக்கும். இது கதையில்லை, கோழிகளின் குரலை ஆராய்ந்தவர்கள் பதிவுசெய்து பார்த்த விஷயம். அந்த முதல் குரல் கேட்டதும் கோழிகள் ஒடுங்கி மறைவுக்குப் போகும். மறைவு இருந்தால்தானே போகும் என்கிறீர்களா, அதற்குத்தான் முதலில் கீற்று போடச் சொன்னேன்.

சி.டி., பொம்மை, ஒலிக்கருவி பற்றி

பழைய சி.டி. தொங்கவிடுவது, ஒலிநாடாவைக் கட்டிப் படபடக்கவிடுவது, சோளக்கொல்லை பொம்மை எல்லாம் ஒரு வாரம், பத்து நாள் வேலை செய்யும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்ச நாள். அப்புறம் பருந்து அந்தப் பொம்மையின் தலையிலேயே உட்காரும், பார்த்திருக்கிறேன். குஞ்சு இறங்கிய முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கயிறு கட்டினால் கரும்பருந்து இறங்கத் தயங்கும், அதன் சிறகு விரிப்பு நாலடிக்கு மேல். வல்லூறுக்கு அது ஒரு தடையே இல்லை. விலை கொடுத்து ஒலிக்கருவி வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

காக்கைக்குத் தினம் சோறு வைத்தால் அது பருந்தை விரட்டும் என்பார்கள். விரட்டும், உண்மைதான். சித்திரையில் தன் குஞ்சுக்காக உங்கள் குஞ்சையும் தூக்கும். அமாவாசைச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரிச்சானை நம்பலாம். மாட்டின் முதுகிலும் கம்பிமேலும் உட்காருமே, இரட்டைவால் கறுப்புக் குருவி. தன் கூட்டுப் பக்கம் பருந்து வந்தால் தலையில் கொத்திக் கொத்தித் துரத்தும். அது கூடு கட்டுகிற மரத்தைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இது எல்லாவற்றையும் செய்தாலும் வருடத்தில் ஒன்றிரண்டு குஞ்சு போகத்தான் செய்யும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கம்போடு நாள் முழுக்கக் கூடவே நிற்கிறவர்களுக்கே இழப்பு உண்டு. பத்துக்கு ஒன்று போனால் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துக்கு ஐந்து போனால் கூண்டைச் சோதியுங்கள்.

அடைக்கோழிக்கு வருகிறேன்

நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாங்கிய 40 குஞ்சுகளுக்குத் தாய் இல்லை, ஆபத்து என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இந்தப் பதினோரு முட்டைக்குத் தாய் இருக்கிறது. அது சிறுவிடை (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். சிறுவிடைத் தாய் பருந்தின்மேலேயே பாயும், குஞ்சைச் சிறகுக்குள் அள்ளும்.

உங்களிடம் சேவல் இல்லாததால், முட்டையில் கரு பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இன்றிரவு ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச்சை அடியில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருண்டு, ரத்த நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. தெளிவாக ஒளி ஊடுருவினால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 21-ஆம் நாள் பொரிக்கும், அதாவது நீங்கள் கடிதம் எழுதிய நாளிலிருந்து பத்து நாள்தான் இருக்கிறது. கீற்று மறைவுகளையும் நகரும் கூண்டையும் அதற்குள் முடித்துவிடுங்கள். பிப்ரவரியில் நடக்கும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் பெரிய குஞ்சுகளுக்குப் போடவில்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், புதுக் குஞ்சுக்கு எந்த வயதில் என்பதையும் அங்கேயே கேட்டு வாருங்கள். கழிச்சல் கண்டு தலை தொங்கி நிற்கும் குஞ்சைத்தான் பருந்து முதலில் பார்க்கும்.

பொரித்த முதல் வாரம் தாயையும் குஞ்சையும் வீட்டுத் திண்ணையில் பஞ்சாரத்துக்குள்ளேயே (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) வையுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து நகரும் கூண்டு, தாயோடு சேர்த்து. நான்காம் வாரம் முடிந்த பிறகு சாயங்காலம் நான்கு மணிக்கு மேல், நீங்களோ மாமியாரோ கொல்லையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். வெயிலேறித் தரை சூடாகும் பத்து மணிக்கு மேல்தான் பருந்துகள் காற்றில் மிதந்து வட்டமிடத் தொடங்கும், உச்சிவேளை முழுக்கக் குஞ்சு உள்ளே இருக்கட்டும். எட்டாம் வாரம் தாயே அவற்றைக் கொத்தி விலக்கும். அதன்பின் அவை பெரிய கோழிகளோடு மேயலாம்.

ஒருவேளை அதே வாரத்தில் ஒருநாள் குஞ்சுகள் எங்காவது வாங்க முடிந்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்தாறை அந்தத் தாயின் சிறகுக்கடியில் நழுவவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தன் குஞ்சு என்றே ஏற்றுக்கொள்ளும். விடிந்ததும் போய்ப் பார்த்து, கொத்துகிறதா என்று கவனியுங்கள். எத்தனை பொரித்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.